எம்எச்சி: காட்டினாலும் ஆபத்து, மறைத்தாலும் ஆபத்து

நம் உடம்பில் உட்கருவுள்ள செல்கள் அநேகமாக எல்லாமே, உள்ளே என்ன புரதம் தயாராகிறது என்பதை ஓயாமல் வெளியே காட்டிக்கொண்டிருக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் புரோட்டியாசோம் என்ற வெட்டும் இயந்திரம் புரதங்களை வெட்டிப் போடும், அதில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எம்எச்சி (MHC) முதல் வகை என்ற காட்சித் தட்டு போன்ற மூலக்கூறு ஏந்திக்கொண்டு மேற்பரப்புக்கு வரும், நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல் வந்து பார்த்துவிட்டு நம்ம ஆள்தான் என்றால் போய்விடும், வைரஸ் துண்டு என்றால் அந்தச் செல்லையே தீர்த்துவிடும்.

எவ்வளவு காட்டுவது என்பதில்தான் சுவாரசியமே. தொற்று என்று இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதம் சேதி சொன்னால் எம்எச்சி உற்பத்தி ஏறும். நரம்புச் செல்களோ சாதாரணமாக மிகக் குறைவாகவே காட்டும். போனால் திரும்ப வராத செல்லுக்கு அந்த அடக்கம் நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது.

வைரஸ் சும்மா இருக்குமா? சைட்டோமெகலோ வைரஸ், எம்எச்சியை அது உருவாகும் இடத்திலேயே பிடித்துச் சிதைக்க வைக்கிறது. சரி, மேற்பரப்பு காலியானால் தப்பித்தாச்சா என்றால் இல்லை, எம்எச்சியைக் காணோமே என்றே சந்தேகப்பட்டு அடிக்கிற என்கே (இயற்கைக் கொல்லி) செல்கள் இருக்கின்றன (1980களில் க்ளாஸ் கார்ரே குழு காட்டியது). எச்ஐவி இதிலும் கில்லாடி: அதன் நெஃப் புரதம் மனித எம்எச்சி வகைகளான எச்எல்ஏ-ஏ, பி இரண்டையும் இழுத்து இறக்கிவிட்டு, என்கே செல்லைச் சமாதானப்படுத்தும் சி வகையைத் தொடுவதில்லை.

புற்றுநோய்ச் செல்கள் சில, எம்எச்சியின் ஓர் அங்கமான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் புரதத்தின் மரபணுவையே இழந்து எம்எச்சி காட்டுவதை நிறுத்திவிடும். இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) சிலருக்குப் பலன் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.