முள் ஏறும் இடம்

ஏப்ரல் 21, 2024

சேலத்தில் லாரியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஹூப்ளிக்குக் கிளம்பினேன். தொப்பூர் ஏற்றத்தில் பாதி தாண்டும்போது டெம்பரேச்சர் முள் 100-ஐத் தொட்டது. ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் ஐடிலில் விட்டேன். அந்தச் சூட்டில் சட்டென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நிற்கும், டர்போவுக்குப் போகும் ஆயிலும் நிற்கும். பத்து நிமிடத்தில் முள் தானாகவே 85-க்கு இறங்கிவிட்டது.

கிளீனர் பையன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். கத்திவிட்டேன், பாவம். சித்தப்பாவின் வலது முன்கை இன்றும் முடியில்லாமல் வழவழவென்று இருப்பது இப்படி ஒரு மூடியைத் திறந்ததால்தான். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியைத் திருகிய நொடியில் ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பீறிடும்.

வண்டி 2005 மாடல், ஆறு சக்கரம். 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், ஆறு சிலிண்டர். அப்பா வாங்கியது. எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் நாங்கள் வளர்த்த விதத்தில்.

ஏப்ரல் 25

தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி இரவோடு இரவாக நாமக்கல் திரும்பினோம். இறக்கத்தில் முள் 75-ஐத் தாண்டவில்லை. சமவெளியிலும் பிரச்சினை இல்லை, டோல்கேட்டில் நிற்கும்போதும் இல்லை. லோடு, ஏற்றம், எஞ்சின் வேகம் மூன்றும் சேர்ந்தால்தான் ஏறுகிறது.

ஏப்ரல் 26

தீவன மில்லில் லோடு இறங்கியதும் ரேடியேட்டரின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். மக்காச்சோளத்தின் மேல்தோல் மெல்லிய செதில் செதிலாகப் பறக்குமே, அது ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்து, அதன்மேல் ஆயில் புழுதி படிந்து, மெத்தை போல ஆகியிருந்தது. மில் வாசலிலேயே வருடக்கணக்காக நிற்கிற வண்டிக்கு வேறென்ன வரும்?

சர்வீஸ் ஸ்டேஷனில் முன்பக்கமிருந்து பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொன்னால் அடித்துவிடுவார்கள். அழுக்கு இன்னும் உள்ளே போகும், இடுக்குத் தகடுகளும் மடங்கிவிடும். ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் இரண்டு மணி நேரம் அலசினேன். அரை வாளி வந்தது.

ஏப்ரல் 27

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்தேன். உள்ளே வரக்காப்பி நிறத்தில் தண்ணீர்.

ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருடமாகக் கூலன்ட் ஊற்றவில்லை. போகிற வழியில் எந்த டீக்கடையில் குடம் கிடைத்ததோ அந்தத் தண்ணீர். வீட்டில் இருந்தால் போர் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பே வேக மறுக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள் மட்டும் படியாமலா இருக்கும்?

மூடியின் ரப்பர் வாஷர் பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது. அப்படியென்றால் அழுத்தமே நின்றிருக்காது. ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும் என்பது கணக்கு. சின்னப் பொருள்தான், ஆனால் வெறும் தண்ணீரில் ஓடும் வண்டிக்கு அந்தச் சில டிகிரிதான் உயிர். புது மூடி போட்டாயிற்று.

மே 2

மறுபடியும் தொப்பூர். முன்பைவிட ஒரு கிலோமீட்டர் தள்ளி முள் ஏறியது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம். "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு மாப்ள, செலவு பண்ணத் தயாராயிரு" என்றார் ஒருவர். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது. வயிற்றைக் கலக்கியது.

மே 4

ஹெட் கேஸ்கெட் பயத்தை முதலில் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். விடியற்காலையில் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். கேஸ்கெட் வழியாகச் சிலிண்டர் காற்று கசிந்தால் பாத்திரத்தில் உலை கொதிப்பது போல விடாமல் குமிழி வரும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று வந்தன, அப்புறம் ஒன்றுமில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த நிறம் இல்லை. சரி, அன்றைக்குக் காலைச் சாப்பாடு இறங்கியது.

மே 5

ரேடியேட்டரைக் கழற்றி, லாரிப்பேட்டையில் இருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். செம்பும் பித்தளையும் வைத்துச் செய்த பழைய ரேடியேட்டர். இப்போது வரும் அலுமினியம்-பிளாஸ்டிக் சாமானை இப்படிப் பிரித்து வேலை பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பெரியவர் கேஸ் விளக்கால் ஈயத்தை உருக்கி மேல்தொட்டியைப் பிரித்துக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு குழாய்களின் வாய் வெள்ளைக் காரையால் அடைபட்டிருந்தது. தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தி எடுத்தார்.

"தம்பி, கேரளா வண்டிங்க ரேடியேட்டர் எங்கிட்ட இந்தக் கோலத்துல வர்றதில்ல. தண்ணி அப்படி. நீங்க எல்லாரும் கல்லைக் கரைச்சு ஊத்துறீங்க."

கீழ்த்தொட்டியைத் தட்டியபோது துரு மண்ணோடு வளைந்த கம்பித் துண்டுகள் சில விழுந்தன. "இது எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே குப்பையில் போட்டார். நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

தொட்டியை மறுபடி பற்றவைத்து, வாய்களை அடைத்து, காற்றேற்றித் தண்ணீரில் முக்கினார். ஒரு மூலையில் குமிழி வந்தது. அங்கே ஈயம் வைத்தார். இரண்டாம் முறை முக்கியபோது ஒன்றும் வரவில்லை.

மே 6

ரேடியேட்டர் கழன்றிருக்கும்போதே தெர்மோஸ்டாட் வால்வையும் பார்த்துவிடலாம் என்று ஹவுசிங்கைத் திறந்தேன். உள்ளே வால்வே இல்லை!

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அதை நான் 2011-லயே கழட்டி எறிஞ்சுட்டேன் கண்ணு. தண்ணி தடையில்லாம ஓடட்டும்னு."

"தடையில்லாம ஓடுனா நல்லதுன்னு யாருங்ப்பா சொன்னாங்க?"

"இத்தன வருசம் ஓடலையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஓடியதுதான். ஆனால் இந்த எஞ்சினில் வால்வு செய்வது இரண்டு வேலை. தண்ணீர் 83 டிகிரி வந்ததும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அப்படித் திறக்கும்போதே பைபாஸ் துவாரத்தை மூடும். வால்வு இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். குளிரட்டும் என்று கழற்றியது ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும், சமவெளியில் எஞ்சினைத் தேவையான சூட்டுக்கே வரவிடாது. இறக்கத்தில் 75 காட்டியதற்கும் இதுதான் காரணம்.

புது வால்வு வாங்கி வந்து, மாட்டுவதற்குமுன் பால் சட்டியில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். தெர்மாமீட்டர் பால் சொசைட்டியில் இருக்கும் மச்சானிடம் இரவல். 83-ல் மெல்ல வாய் திறந்தது; 95 வரும்போது முழுவதும் திறந்துவிட்டது. வீட்டில் அந்தச் சட்டியை இனி என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

மே 9

இத்தனையும் செய்து, தொப்பூரில் கடைசி ஏற்றத்தில் 98. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மே 11

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. வண்டியை நன்றாகச் சூடேற்றச் சொன்னார். பிறகு அடியில் படுத்து டார்ச் அடித்துக்கொண்டு, "ஆக்சிலேட்டர மிதிச்சுப் புடி" என்றார். 2,400 ஆர்பிஎம்மில் பிடித்தேன்.

"இறங்கி வந்து பாரு." என் இடத்தில் பையனை உட்கார வைத்தோம்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பாடிக்கு, அதாவது தண்ணீர் பம்புக்கு, போகும் கீழ் ஹோஸ் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. அடியில் வழுக்கை ஒட்டிக்கொண்ட இளநீர் ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் எப்படி நசுங்கும், அப்படி. பையன் காலை எடுத்ததும் ஹோஸ் பழையபடி உருண்டையானது. நான் ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கும்போதெல்லாம் அது நல்லபிள்ளையாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். பம்ப் இழுக்கிற இழுப்பில் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். கத்தியால் கிழித்துப் பார்த்தோம். ஸ்பிரிங் இல்லை, துருக்கோடுகள் மட்டும். பெரியவர் குப்பையில் போட்டாரே, அந்த வளைந்த கம்பித் துண்டுகள்! எப்போதோ தண்ணீரை வடித்தபோது அது பின்பக்கமாகப் போனதில் கீழ்த்தொட்டிக்கு வந்திருக்க வேண்டும். கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து நான்கு வருடம் இல்லாமல் போனதால் ஸ்பிரிங் கரைந்துவிட்டது.

மே 13

எல்லா ஹோஸும் புதிது, கிளிப்பும் புதிது. ஏர் கம்ப்ரஸருக்குப் போகும் சின்னத் தண்ணீர்க் குழாயை எல்லோரும் மறப்பார்கள், அதையும் மாற்றினேன். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. பனியே இல்லாத ஊரில் இது எதற்கு என்று அப்பா கேட்டார். பனிக்காக இல்லை, கொதிநிலைக்கும் துருவுக்கும்.

வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மெல்ல ஊற்றி, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, வால்வு திறந்து மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்பினேன். சிந்தியதை மணல் போட்டு அள்ளிவிட்டேன். கூலன்ட் இனிக்கும், நக்கினால் நாய் செத்துவிடும். ஷெட்டில் ஒரு கறுப்பி குட்டிகளோடு இருக்கிறாள்.

மே 22

காலையில் ஸ்டார்ட் ஆக நீண்ட நேரம் எடுக்கிறது. டீசல் லைனில் ஏர் பிடிக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. டீசல் ஒரு சொட்டும் கசியவில்லை. கீழ் ஹோஸ் கற்றுக்கொடுத்த பாடத்தில் உறிஞ்சும் பக்கத்தையே முதலில் சந்தேகப்பட்டேன். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால், உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு துண்டு டியூப் மாட்டிப் பார்த்தால், சோடா போலக் குமிழி. டேங்கிலிருந்து வரும் ரப்பர் பைப் வளைவில் வெடிப்பு. பைப்பையும் செம்பு வாஷர்களையும் மாற்றினேன். அரை நாள் வேலை.

ஜூன் 2

தொப்பூர், முழு லோடு. முள் 90-ல் நின்றது. அப்பாவும் வந்திருந்தார். ஏற்றம் முடியும்வரை மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார், வால்வு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 4

வாட்டர் பாடியின் அடியில் இருக்கும் சின்னத் துவாரத்தில் பச்சையாக ஒரு சொட்டு. சீல் போகிறது என்பதற்கு அடையாளம் அது; சிலர் அந்தத் துவாரத்தை எம்சீல் வைத்து அடைத்தே விடுவார்கள். இவ்வளவு நாள் அழுத்தமே நிற்காததால் தெரியாமல் இருந்திருக்கலாம். இந்த எஞ்சினில் இரண்டு போல்ட், ஒரு ஓ-ரிங், பெல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். சாமான் சேலத்திலிருந்து வியாழக்கிழமைதான் வருமாம். அதுவரை வண்டி ஷெட்டில். கறுப்பி பக்கம் சொட்டாமல் இருக்க அடியில் ஒரு டப்பா வைத்து, மேலே பலகை போட்டு மூடியிருக்கிறேன்.