கிராகோவில் ஒரு கறுப்புக் குதிரை

போலந்தின் கிராகோவ் நகரத்துக்குப் போய்வந்த செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முடியவில்லை. அங்கே பார்த்த ஒரு ஓவியம் கண்ணை விட்டு அகல மறுக்கிறது.

அதற்கு முன் டாக்ஸிக்காரர் விஷயம். கிராகோவ் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 150 ஸ்வோட்டி (போலந்துப் பணம்) கறந்துவிட்டார். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது! ரயிலில் வந்திருந்தால் அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. தயவுசெய்து ரயிலிலேயே வாருங்கள்.

பெரிய சதுக்கத்தின் நடுவில் இருக்கிறது சுகியென்னிட்சே என்ற பழைய துணிச்சந்தைக் கட்டடம். கீழே கடைகள், மாடியில் தேசிய அருங்காட்சியகத்தின் 19ஆம் நூற்றாண்டு ஓவியக் கூடம். யான் மத்தேய்கோவின் சரித்திர ஓவியங்களுக்காகத்தான் படியேறினேன். போட்கோவின்ஸ்கி என்ற போலந்து ஓவியரின் ‘வெறிப் பரவசம்’ முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். வாயில் நுரை தள்ள, பல் தெரிய, திமிறி எழும் கறுப்புக் குதிரை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்மூடிக் கிடக்கிறாள், ஆடையில்லாத ஒரு பெண். அவளுடைய செம்பட்டைக் கூந்தல் பறந்து பிடரிமயிரோடு கலக்கிறது. விழுந்துவிடுவோம் என்ற பயம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

1894இல் வார்சாவில் இதைக் காட்சிக்கு வைத்தபோது சுமார் 12,000 பேர் வந்து பார்த்தார்களாம். கண்காட்சி முடியும் தறுவாயில் ஓவியரே கத்தியால் கிழித்துவிட்டார். குதிரையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத்தான் குறிவைத்தார். காதல் தோல்வி என்று அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை. எனக்கு அந்த வம்பு பிடிக்கவில்லை. அடுத்த ஜனவரியிலேயே காசநோயில் போய்விட்டார்; வயது 28தான். பிறகு கிழிசலைச் சீர்செய்தார்கள். 1904இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

கத்தி பட்ட இடத்தைத் தேடி அவள் இடுப்பருகே, தோளருகே குனிந்து குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. காவலுக்கு இருந்த அம்மா தள்ளி நிற்கும்படி கைகாட்டினார்.

மதியம் ஒரு ‘பால் பார்’. கம்யூனிஸ்ட் காலத்திலிருந்து நீடிக்கும் மலிவுச் சாப்பாட்டுக் கடைகளை அப்படித்தான் அழைக்கிறார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியெரோகி, நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். வயிறு நிறைந்தது, பையும் கடிக்கவில்லை.

மிச்சம் பிடித்த காசில் மறுபடியும் டிக்கெட் எடுத்தேன். இந்த முறை எட்டவே நின்றேன். காலையில் கவனிக்காதது அப்போதுதான் தெரிந்தது: அத்தனை ஆவேசத்துக்கு நடுவிலும், தூங்கும் குழந்தையைப் போல அவள் தலை குதிரையின் கழுத்தில் சாய்ந்திருக்கிறது.