வீட்டிலேயே வால்வு கிட்டார் ஆம்ப் செய்த அனுபவம்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெரிதாக்கும் இந்த ஆம்புக்காக நான் செய்த முதல் செலவு எர்த் கம்பிக்கு. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருப்பது பழைய அடுக்குமாடி வீடு. பிளக் பாயிண்ட்டில் மூன்று ஓட்டை இருக்கிறது, ஆனால் எலெக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கழற்றிக் காட்டியபோது மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் எந்தக் கம்பியும் இல்லை. எப்போதோ யாரோ பச்சைக் கம்பியை வெட்டி, சுவருக்குள் மடக்கி விட்டிருக்கிறார்கள். மெயின் போர்டிலிருந்து புதுக் கம்பி இழுத்தோம். அவர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தார். மங்கலாக எரிந்தது. கீழே எர்த் குழி காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டு, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பல்ப் பளிச்சென்று எரிந்தது. அப்புறம் கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்சிசிபி ஸ்விட்ச் ஒன்றும் போட்டோம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் ஜாக் வழியாக ஆம்பின் சேசிஸோடு, அதாவது அதன் உலோகச் சட்டத்தோடு, இணைந்திருக்கின்றன. சேசிஸில் கரண்ட் கசிந்தால் அது நேராக விரல்களுக்கு வரும். வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) போட்ட இந்த ஆம்புக்குள் 400 வோல்ட்டையும் தாண்டும் டிசி இருக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சர்க்யூட்டாக ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1-ஐத் தேர்ந்தெடுத்தேன். 1950களின் இறுதியில் வந்த சின்ன ஆம்ப், சுமார் 5 வாட். மூன்றே வால்வுகள்: கிட்டாரின் சின்ன சிக்னலைப் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியாக மாற்ற ஒரு 5ஒய்3. ஒரே ஒரு வால்யூம் நாப். டோன் கண்ட்ரோல் கூடக் கிடையாது. பாகங்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியும். முதல் ஆம்ப் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சர்க்யூட் எனக்குத் தெரியாது.

ரெசிஸ்டர், வயர், ஃபியூஸ் ஹோல்டர், டேக் ஸ்ட்ரிப் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே மதியத்தில் கிடைத்துவிட்டன. கெபாசிட்டர்தான் அலைய வைத்தது. டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர், 450 வோல்ட் தாங்குவது, சில கடைகளில் இருந்தது, ஆனால் நான் 500 வோல்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 5ஒய்3 சீக்கிரம் சூடாகிவிடும். 6வி6 சூடாக இன்னும் சில நொடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் இழுக்க ஆளில்லாமல் வோல்டேஜ் 420க்கு மேலே ஏறி நிற்கும். நம் ஊரில் ராத்திரி மின்சாரம் 240ஐத் தொடுகிற நாளில் அது இன்னும் ஏறும். கடைசியில் 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் கெபாசிட்டர் மூன்றையும், வால்வுகளையும் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் வாங்கிவந்து கொடுத்தார்.

வால்வு சாக்கெட்டுக்காகத் திருவல்லிக்கேணியில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு பாயைப் பார்க்கப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய மேஜைக்குக் கீழே பிஸ்கட் டின்களில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த பழைய ரேடியோ வால்வுகள், ஒவ்வொன்றும் பஞ்சு சுற்றி இருந்தன. கிட்டார்காரர்கள் டியூப் என்கிறார்கள், அவர் வால்வு என்கிறார். எனக்கும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது. பீங்கான் சாக்கெட் மூன்றைத் தேடி எடுத்து, பெட்ரோலில் கழுவி, வால்வின் பின்களைப் பற்றும் பிடிகளை ஊசியால் இறுக்கிக் கொடுத்தார். காசு கொடுத்துக் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆன்ல வெச்சு தொடும்போது ஒரு கை பேண்ட் பாக்கெட்ல இருக்கணும் தம்பி. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்ட் நெஞ்சு வழியாத்தான் போகும்."

"சரி பாய்."

"ஆஃப் பண்ணாலும் கண்டன்சர்ல இருக்கும். அத மறந்துடாத."

கண்டன்சர் என்று அவர் சொன்னது கெபாசிட்டரைத்தான். அன்றே சர்க்யூட்டில் ஒன்றைச் சேர்த்தேன். முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர். ஸ்விட்சை அணைத்தால் ஒரு நிமிடத்தில் வோல்டேஜ் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைப்பேன், இன்றைக்கும் அப்படித்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் வைண்டிங் கடையில் சுற்றக் கொடுத்தேன். பவர் டிரான்ஸ்ஃபார்மரில் சிக்கல் இல்லை: மின்சாரம் நுழையும் பக்கம் (பிரைமரி) 230 வோல்ட், வெளியே வரும் பக்கம் (செகண்டரி) டிசியாக்குவதற்கு 300-0-300, வால்வுகளைச் சூடாக்க 6.3 வோல்ட், 5ஒய்3-ஐச் சூடாக்க 5 வோல்ட். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 6வி6 பக்கம் 5,000 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம். இரண்டையும் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. அதாவது பிரைமரியில் 2,500 சுற்று என்றால் செகண்டரியில் 100 சுற்று. கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொன்றையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சேசிஸுக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மடித்து ஓட்டை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வயரிங் பத்து இரவுகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, ஒரு இணைப்பைப் பற்ற வைத்ததும் சர்க்யூட் படத்தில் அந்தக் கோட்டை மஞ்சள் பென்சிலால் பூசிவிடுவேன். படம் முழுக்க மஞ்சளானால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டிருந்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் பிழைக்கும். முதலில் வால்வே இல்லாமல், பிறகு 5ஒய்3 மட்டும், கடைசியில் எல்லாம். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். 6வி6 மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. அப்புறம் ஸ்பீக்கர் வீறிட்டது. பிரஷர் குக்கர் விசில் போல, வீடே எழுந்துகொள்ளும் சத்தம். உடனே அணைத்தேன்.

இதற்குக் காரணம் எளிது. இந்த சர்க்யூட்டில் ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகக் கொஞ்சம் சிக்னல் பின்னால் போய் முன் வால்வான 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடில் (எலெக்ட்ரான்கள் கிளம்பும் முனை) சேரும். அது எதிர்த்திசையில் சேர்ந்தால் ஒலி சீராகும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி முனைகள் இடம் மாறியிருந்தால் அதே திசையில் சேர்ந்து, ஆம்ப் தானாகக் கத்தத் தொடங்கும். இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பற்ற வைத்தேன். வீறல் போய்விட்டது.

ஆனால் ஹம் இருந்தது. வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் ம்ம்ம் என்று தடித்த முனகல். இந்த ஆம்புக்கு நான் செலவிட்ட நான்கு மாதங்களில் மூன்று வாரத்தை இது எடுத்துக்கொண்டது.

ஹம் என்றதும் எல்லோரும் ஃபில்டர் கெபாசிட்டரைத்தான் கைகாட்டுகிறார்கள். நானும் புதுசு ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் மடியில் இருந்த கிட்டார் உதவியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 5ஒய்3 இரண்டு பாதி அலைகளையும் டிசியாக்குவதால், கெபாசிட்டர் பலவீனமாக இருந்தால் வரும் ஹம் 100 ஹெர்ட்ஸாக இருக்கும். கிட்டாரில் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட் 98 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே சுருதி. அந்த சுரத்தை மீட்டிவிட்டு, ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துக் கேட்டேன். இரண்டும் ஒன்றல்ல. ஹம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருந்தது. அப்படியானால் அது 50 ஹெர்ட்ஸ். கெபாசிட்டர்மேல் தப்பில்லை, வேறு எங்கிருந்தோ ஏசி நேராக உள்ளே நுழைகிறது. 12ஏஎக்ஸ்7-ஐத் துணியால் பிடித்து உருவினேன். ஹம் போன இடம் தெரியவில்லை. ஆக, நுழைவது அந்த வால்வில்தான்.

அந்த வால்வுக்கு ஏசி வருகிற ஒரே வழி அதைச் சூடாக்கும் ஹீட்டர் இழை. என் 6.3 வோல்ட் சுற்றில் நடு முனை இல்லை. இரண்டு கம்பிகளும் எந்தப் பக்கமும் தரையோடு (சர்க்யூட்டில் தரை என்பது சேசிஸ்) சேராமல் அந்தரத்தில் நின்றன. ஹீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட விலகாத தூரத்தில் கேத்தோடு இருக்கிறது. அந்தரத்தில் நிற்கும் வோல்டேஜ் அதில் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு எடுத்து, ஒவ்வொரு ஹீட்டர் கம்பியிலிருந்தும் ஒன்றாகத் தரைக்குக் கொடுத்தேன். ஹீட்டர் கம்பிகளைப் பிரித்து, சடை பின்னுவது போல இறுக்க முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோனேன். ஆன் செய்தேன். முதலில் ஆம்ப் ஓடவில்லை என்றே நினைத்தேன். கிட்டார் கம்பியைத் தொட்டதும் ஒலி வந்தது. ஒரு ரூபாய்கூடப் பெறாத இரண்டு ரெசிஸ்டர்கள்.

அளவுகளும் நன்றாகவே இருந்தன. 6வி6-இன் கேத்தோடில், 470 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 18.6 வோல்ட், அப்படியானால் சுமார் 40 மில்லிஆம்பியர். பிளேட்டில் (எலெக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனை) 320 வோல்ட். வால்வுக்குள் ஸ்கிரீன் என்ற இன்னொரு முனை எடுப்பதைக் கழித்தால் பிளேட்டில் சுமார் 11 வாட் வெப்பம். அந்த வால்வுக்குச் சொல்லப்பட்ட வரம்பு 12.

இருந்தும் மனம் நிறையவில்லை. மேல் கம்பிகள் இனிமையாக ஒலித்தன, ஆறாவது கம்பி மட்டும் தகர டப்பாவில் தட்டியது போல இருந்தது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், அதேதான். ஒரு நாள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை டார்ச் அடித்துப் பார்த்தபோது புரிந்தது. அதன் நடுவில் கோராக அடுக்கும் இரும்புத் தகடுகள் (ஸ்டாம்பிங்) ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருந்தன. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் சரியான முறை. இதில் அந்த 40 மில்லிஆம்பியர் டிசி இடைவிடாமல் ஒரே திசையில் ஓடுகிறது. இடைவெளியில்லாத கோர் அதிலேயே காந்தமேறி நிறைந்துவிடும். தாழ்ந்த சுரங்களுக்கு அதில் இடமிருக்காது. நான் எழுதிக் கொடுக்காமல் விட்டது இதைத்தான்.

மறுபடியும் சிந்தாதிரிப்பேட்டை. வைண்டிங் அண்ணன் நம்பவில்லை.

"கேப் விட்டா பவர் போயிடும் தம்பி. முப்பது வருஷமா சுத்தறேன்."

"இதுல டிசி போகுதுண்ணே. ஈ தகடு எல்லாம் ஒரே பக்கம், ஐ தகடு எல்லாம் ஒரே பக்கம். நடுவுல ஒரு மெல்லிசு பேப்பர்."

அவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் புரட்டினார். சட்டென்று முகம் மாறியது.

"டியூப்லைட் சோக் மாதிரியா?"

"ஆமாண்ணே. அதே மாதிரிதான்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

வார்னிஷ் காய்ந்து இறுகிய தகடுகளை அவர் கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தகட்டைக்கூட வளைய விடவில்லை. லேதராய்டு என்ற இன்சுலேஷன் பேப்பரில் மூன்று விதமான கனத்தை விரலால் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே மெல்லியதை வெட்டி நடுவே வைத்துக் கட்டினார். வேலை முடிய இருட்டிவிட்டது. கூலி வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

அன்று இரவு ஆறாவது கம்பியை மீட்டியபோது மேஜை அதிர்ந்தது. வால்யூமைப் பாதி வரை வைத்தால் மணிபோலத் தெளிவு. அதைத் தாண்டினால் ஓரங்கள் மெல்ல உடைந்து, மெதுவாகத் தொட்டால் தெளிவாகவும் அழுத்தித் தொட்டால் கரகரப்பாகவும் வருகிறது. விரலின் கனத்தை ஆம்ப் கேட்டுக்கொள்கிறது. இதற்காகத்தான் இத்தனையும் செய்தேன். பெட்டி 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், 10 அங்குல ஸ்பீக்கரோடு. தச்சு வேலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஆம்பை ஆட்டோவில் வைத்து வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஆன் செய்து கால் மணி நேரம் வாசித்தேன். பக்கத்துக் கடைப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். அண்ணன் பாட்டைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. பின்பக்கம் குனிந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"கை தாங்குது," என்றார். "வாசி, வாசி."