மாலை ஐந்து மணிப் பசியும் ஒரு கிண்ணம் சுண்டலும்

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். காலைச் சமையல் அவருடையது, மாலைச் சிற்றுண்டி என்னுடையது என்று மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டே பிரித்துக்கொண்டோம். முதல் சில ஆண்டுகள் என் பங்கை நான் பேக்கரியிலேயே முடித்துவிட்டேன். கோயம்புத்தூரில் பேக்கரி இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது; அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் நான்கு பப்ஸும் கால் கிலோ மிக்சரும் வாங்கி வந்தால் ஐந்தே நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். ஆனால் ஏழு மணிக்கெல்லாம் மகள் மறுபடியும் பசிக்கிறது என்பாள். இரவில் நாங்கள் எல்லோருமே சோற்றையும் தோசையையும் கணக்கில்லாமல் சாப்பிட்டோம்.

எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு வாரம் முழுவதும் வீட்டில் சமைத்ததையெல்லாம் சமைப்பதற்கு முன் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். அதன் பிறகு, ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். (அந்த நிறுவனம் 1918-இல் நமக்கு அருகிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் மெக்காரிசன் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருக்கம் தோன்றும்.) நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவர் 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு, பயறு வகைகளும் 400 கிராம் காய்கறியும் கீரையும் உண்ண வேண்டும் என்கிறது அந்தப் பட்டியல். எங்கள் வீட்டிலோ ஆளுக்கு ஏறத்தாழ 400 கிராம் அரிசி. சாம்பாரில் போடும் துவரம்பருப்பையும் இட்லி மாவிலுள்ள உளுந்தையும் சேர்த்துக் கூட்டினாலும் பருப்பு 40 கிராமைத் தாண்டவில்லை. குறைவது 45 கிராம் என்று தெரிந்தபோது, அது சரியாக ஒருவருக்கான சுண்டலின் அளவு என்பதும் கூடவே தெரிந்தது.

அன்று முதல் நால்வருக்கும் சேர்த்து 180 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைக்கத் தொடங்கினேன். முதல் முயற்சி தோல்வி. பத்து மணி நேரம் ஊறி, குக்கரில் எட்டு விசில் வந்த பிறகும் கடலை கல்போல் இருந்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரோ என்று நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அம்மா ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "கடலைய ஏன் வையறே? தண்ணிய மாத்திப் பாரு கண்ணு" என்றார். முன்பு நாங்கள் இருந்த வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வரும். இப்போதிருக்கும் புறநகர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கடலையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை மேலும் இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் எத்தனை விசில் விட்டாலும் அது இளகுவதில்லை. சோடா உப்பு போட்டால் உடனே வெந்துவிடும் என்பது உண்மைதான் என்றாலும், அது பி1 வைட்டமினை அழித்துவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரிலேயே ஊறவைத்து வேகவைத்தேன். ஆறு விசிலில், தோல் கிழியாமல், உள்ளே மாவாக வெந்திருந்தது.

ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைப்பதும், தாளிக்கும்போது பெருங்காயம் சேர்ப்பதும் வயிற்று உப்புசத்தைக் குறைக்கும். நால்வருக்குமான சுண்டலுக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல். எலுமிச்சையை மட்டும் அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகே பிழிகிறேன். வைட்டமின் சி சூட்டில் சிதைந்துவிடும். அது கெடாமல் இருந்தால்தான் கடலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்கும். இதே காரணத்தால் சுண்டலோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தையும் விட்டோம். தேநீரிலுள்ள டானின் அந்த இரும்புச்சத்தைத் தடுத்துவிடும் என்பதை நான் சொன்னபோது மனைவிக்கு வருத்தம்தான். இப்போது அவருடைய தேநீர் ஒரு மணி நேரம் கழித்து வருகிறது.

அம்மாவுக்குப் பல்செட் என்பதால் கடலையைத் தினமும் கடிக்க முடியாது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு. எங்கள் கொங்குப் பக்கத்தில் கொள்ளை வேகவைத்து நீரை வடித்து ரசம் வைப்பார்கள். வெந்த கொள்ளைச் சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கடைந்து பருப்பாக்குவார்கள். ஒரே வேகலில் மாலைக்குக் கொஞ்சம் சுண்டலும் இரவுக்கு ரசமும் பருப்பும் கிடைத்துவிடும் இந்தச் சிக்கனத்துக்கு ஈடான சமையல் எனக்குத் தெரியவில்லை. கொள்ளில் அதே நிறத்தில், அதே அளவில் பொடிக் கற்கள் கலந்திருக்கும் என்பதால், அம்மா அதை முறத்தில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் கல் பொறுக்கிக் கொடுப்பார். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார்.

கடைகளில் இப்போது சிறுதானிய முறுக்கு, சிறுதானிய மிக்சர் என்று நிறைய வந்துவிட்டன. எண்ணெயில் பொரித்தது எந்த மாவாக இருந்தாலும் பொரித்ததுதான் என்பதே என் கருத்து. கடலை மிட்டாய் எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். வெல்லமும் சர்க்கரையே என்பதால் ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இரவுச் சாப்பாடு தானாகவே மாறியதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தரைக்குச் சுண்டல் சாப்பிட்டவர்கள் எட்டு மணிக்கு இரண்டாவது கரண்டிச் சோறு கேட்பதில்லை. குழம்பை ஊற்றிப் பிசைவதற்கு முன் பொரியலைத் தொடுகிறார்கள். அரிசியில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு, பயறில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு என்பதால், சோற்றின் அளவு குறைந்தாலும் புரதத்தின் தரம் கூடியிருக்கிறது.

போன மாதம் மறுபடியும் ஒரு வாரம் எடை போட்டு எழுதினேன். அரிசி 290 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. பருப்பும் பயறும் 80-ஐத் தொட்டுவிட்டன. காய்கறிதான் 400-இல் பாதியைக்கூடச் சரியாக எட்டவில்லை. ஆகவே இப்போது வெள்ளிக்கிழமைகளில் பாசிப்பயறைத் துணியில் முடிந்து முளைகட்டி, ஆவியில் லேசாக வேகவைத்து, அதற்குச் சமமான அளவு துருவிய கேரட்டும் நறுக்கிய வெள்ளரியும் வெங்காயமும் கலந்து தருகிறேன். மகள் வெள்ளரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பயறை அடுத்த கிண்ணத்துக்குத் தள்ளப் பார்க்கிறாள். மாங்காய்ப் பருவம் வந்ததும் புளிப்புத் துண்டுகளைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் அம்மா.