மீன் தலைக்குள் ஒரு கல்

"என்னடா, எலும்பைக் கடிச்சுட்டியா?" அம்மா பதறிவிட்டார்.

எலும்பில்லை, கல். காலையில் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய ஈக்கான் மேரா (சிவப்பு மீன்) தலைக்கறி. மண்டையை உடைத்து உறிஞ்சும்போது பல்லில் தட்டியது.

துடைத்துப் பார்த்தேன். விரல் நக அளவு, பால் வெள்ளை, ஓரமெல்லாம் நெளிநெளி, ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம்.

செவிக்கல்!

போன வாரம்தான் முதுகெலும்பிகள் லேப்பில் இதன் மெல்லிய சீவலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். மரத்தில் இருப்பதுபோல் வளையங்கள். எண்ணினால் மீனின் வயது.

மீன் அசையும்போது இந்தக் கல் கொஞ்சம் பின்தங்கும். அடியிலுள்ள நுண்மயிர்கள் வளையும். மீனுக்குச் சத்தம் கேட்பதும், எது மேல் எது கீழ் என்று தெரிவதும் அதனால்தான்.

நம் காதிலும் இதே சரக்குதான், கால்சியம் கார்பனேட். ஆனால் பொடிப்பொடிப் படிகங்கள். போன வருடம் கட்டிலில் புரண்டாலே அம்மாவுக்கு வீடே சுற்றியது. அந்தப் படிகங்கள், தலை திரும்புவதை உணரும் உட்காதின் அரைவட்டக் குழாய்க்குள் நழுவியிருந்தன. டாக்டர் படுக்கவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பியே சரிசெய்துவிட்டார். அன்று எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. (பரீட்சையில் இது வந்தால் முழு மார்க்.)

எல்லாவற்றையும் சொன்னேன். சோறு ஆறிப்போனது.

அம்மா கல்லை வாங்கிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வயசு?"

"அறுத்தாதான்மா தெரியும்."

"அறுக்கல்லாம் வேணாம். சரி, இன்னொரு காதுலயும் இருக்கணுமே?"

நான் பதில் சொல்வதற்குள் மண்டையின் மறுபாதி அவர் தட்டுக்குப் போய்விட்டது.