மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு

மூச்சுத் தசைப் பயிற்சியைச் செய்வது சுலபம். அதைத் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு.

என் மகனுக்கு 10 வயது. வீசிங் சின்ன வயதிலிருந்தே உண்டு. எடையும் ஏறிக்கொண்டே போய், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை) அட்டவணையில் உடல் பருமனைக் காட்டும் கோட்டையும் தாண்டிவிட்டது; பெரியவர்களின் 27 என்ற அளவுக்குச் சமமான கோடு அது. மார்பிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை அழுத்துவதால், அவன் ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்றார் மருத்துவர். மருந்தோடு சேர்த்து மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி, சீட்டில் 'மூச்சுப் பயிற்சிக் கருவி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் எங்களை அலைக்கழித்தது.

மருந்துக் கடையில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியை எடுத்து நீட்டினார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுக்கையருகே வைத்து இழுப்பார்களே, அதுதான். "இதுதானா?" என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதான் மேடம், எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்" என்று பதில் வந்தது. ஒன்றில்லை. அதில் 600, 900, 1200 என்று எழுதியிருப்பது காற்று போகும் வேகம். தசைக்கு அங்கே குறிப்பிட்ட சுமை எதுவும் கிடையாது. எங்களுக்குத் தேவைப்பட்டது சுருள்வில் வால்வு வைத்த கருவி. நாம் திருகி வைத்த அழுத்தத்தை எட்டும்வரை அந்த வால்வு திறக்காது. மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் சுமை ஒன்றுதான். பிசியோதெரபிஸ்ட் பார்த்த பார்வையிலேயே பணம் போனது புரிந்துவிட்டது. உறையைப் பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது பரிசோதனை. எந்த அழுத்தத்தில் தொடங்குவது என்று முடிவு செய்ய, குழந்தை தன் முழு பலத்தையும் கொடுத்து இழுக்கும்போது எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளக்க வேண்டும். எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரி வேறு, இது வேறு. மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்தவர், "அதெல்லாம் இதிலேயே வந்துவிடும்" என்று அடித்துச் சொல்லி ரசீது போட்டார். அறிக்கையில் ஸ்பைரோமெட்ரி எண்கள் மட்டும் இருந்தன. அழுத்தம் அளக்கும் கருவியே அங்கே இல்லையாம்! அது இருந்த இன்னொரு மருத்துவமனையில் வேறு கதை. அவர்கள் ஸ்பைரோமெட்ரியையும் மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். காலையில் இரண்டு பஃப் நீல இன்ஹேலர் (மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் மருந்து) கொடுத்திருந்தோம். சோதனைக்கு முன் குறைந்தது 4 மணி நேரம் அது கூடாது என்று முன்பதிவின்போது ஒருவரும் சொல்லவில்லை. "படிவத்தில் இருக்கிறதே" என்றார்கள். படிவத்தைக் கையில் கொடுத்ததே அப்போதுதான். நீங்கள் போனில் பதிவு செய்யும்போதே இரண்டையும் கேட்டுவிடுங்கள்: உள்ளிழுக்கும் அழுத்தத்தை அளக்கிறீர்களா, எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும்? ஆனால் குழந்தைக்கு அன்று மூச்சிழுப்பு வந்தால் சோதனையை மறந்துவிட்டு மருந்தைக் கொடுங்கள்.

ஒருவழியாக அளந்ததில் 60 செ.மீ. நீர் அழுத்தம் வந்தது. அதில் 30 சதவீதம், அதாவது 18-இல் வால்வைத் திருகி வைத்தார் பிசியோதெரபிஸ்ட். மூக்கில் கிளிப், காலையும் மாலையும் 30 மூச்சு.

கவனிக்க வேண்டியது தோள்பட்டையை. என் மகன் முதலில் தோளைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். வயிற்றில் ஒரு கையை வைத்து, கை முன்னால் தள்ளப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அப்புறம்தான் சரியானது. அவசர அவசரமாகச் செய்தால் தலை சுற்றும். நடுவில் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். சளி, காதுவலி, இழுப்பு உள்ள நாட்களில் வேண்டாம். வாய்ப்பகுதியைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். மாமியார் கொதிநீரில் போடப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன்.

இதை நம்பித் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமாவுக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் 2013-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எங்கள் மருத்துவரும் இதை மறைக்கவில்லை. மறு அளவீட்டில் அழுத்தம் 78-க்கு ஏறியிருந்தது. எடை பெரிதாக இறங்கவில்லை. அதற்கு உணவும் ஓட்டமும்தான் வழி.

ஓட்டம் என்றதும் பள்ளி ஞாபகம் வருகிறது. ஆஸ்துமா என்ற ஒரே காரணத்துக்காக விளையாட்டு நேரத்தில் அவனை மர நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன்: முதலில் உடலைச் சூடேற்றும் பயிற்சி, தேவைப்பட்டால் முன்கூட்டியே இரண்டு பஃப், பிறகு தாராளமாக ஓடலாம். இப்போது கபடியில் சேர்த்துக்கொண்டார்கள்; வீட்டுக்குச் சட்டையெல்லாம் மண்ணாக வருகிறான். ஆனால் நீல இன்ஹேலரை மட்டும் இன்னமும் அலுவலக அறை அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். அது அவன் பையிலேயே இருக்க வேண்டும் என்று அடுத்த கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது.