அம்மாவுக்கு ஒரு கடல் நாள்

ஜனவரி 8

அம்மாவ இட்டுகினு போவ தம்பி கப்பல் புக் பண்ணிட்டான். மார்ச் 15 அமெரிக்கால போர்ட் கனாவரல்ல கெளம்புது, மறுநாளே கோகோகே தீவு. அம்மாகிட்ட சொன்னேன். "அங்க ஆழம் எவ்ளோ இருக்கும்?" இதுதான் மொத கேள்வி. பாஸ்போர்ட் எங்க, எவ்ளோ செலவு, எதுவும் கேக்கல.

ஜனவரி 11

தூக்கம் வரல, கோகோகே மேப்பை போன்ல பெருசு பண்ணிப் பாத்துகினு இருந்தேன். பஹாமாஸ்ல பெர்ரி தீவுங்கன்னு ஒரு கூட்டம், அதுல ஒரு குட்டித் தீவு, லிட்டில் ஸ்டிரப் கே. ராயல் கரீபியன்காரங்க அவங்க கப்பல்ல வர்றவங்களுக்குன்னே நடத்துறாங்க. பலூன், சறுக்கு, நீச்சல் குளம், மது பார், என்னென்னமோ போட்டிருக்கு. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணு ஒண்டிதான், கப்பல்லேர்ந்து எப்படி எறங்குறது. சில தீவுல கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நின்னுடும், அங்கேர்ந்து சின்ன போட்டுக்கு மாறிப் போவணும், அது ஆடிகினே இருக்கும், அம்மா அதுல கால் எடுத்து வைக்கிறத நெனச்சா வயித்த கலக்குது. இங்க அந்த வேலையில்ல. நீளமா பாலம் கட்டிட்டாங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு கப்பல் வந்து நிக்கும், படி எறங்குனா தரை. ஆனா அந்தப் பாலம் நீளம். ரொம்ப நீளம். வீடியோல ஒருத்தன் நடந்துகினே பேசுறான், பேசுறான், பாலம் முடியவே மாட்டேங்குது. தீவுக்குள்ள டிராம் வண்டி ஓடுது, காசு கெடயாது. பாலத்த எப்படி தாண்டுறதுன்னு தம்பிகிட்ட கேக்கணும், கப்பல்லயே வீல்சேர் கேட்டு வாங்க முடியுமான்னு.

ஜனவரி 13

அம்மாவுக்கு ரத்தத்துல வெள்ளை அணு கவுண்ட் 900. கேன்சர் ஊசி தள்ளிப் போட்டாச்சு.

ஜனவரி 15

பொங்கல். வாசல்ல கோலம் நான்தான் போட்டேன், அம்மா நாற்காலி போட்டு உக்காந்துகினு புள்ளி தப்புன்னு சொல்லிகினே இருந்தாங்க. கூட்டத்துல போவக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதால ஊருக்குப் போவல. எருது விடுற சத்தம் மாமா போன்ல போட்டுக் காட்டுனாரு, அம்மா காதுகிட்டயே வச்சிகினு இருந்தாங்க.

அப்புறம் தானா ஆரம்பிச்சாங்க. அணைக்கட்டு பக்கம் தாத்தாவோட நெலத்துல பெரிய கெணறு, கல்லு கட்டுனது, ஒரு பக்கம் படி. முதுகுல காஞ்ச சொரக்குடுக்கைய கட்டி தாத்தா தூக்கிப் போட்டாராம். ஒரே வாரம், அடுத்த வாரம் குடுக்கை இல்லாமலே நீச்சலு. பொம்பளப் புள்ளைங்க அந்த ஊர்லயே அம்மாவும் சின்ன பாட்டியும் ஒண்டிதான் மேட்டுலேர்ந்து குதிப்பாங்களாம். மார்கழில கெணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆவி பறக்கும், வெளிய வந்தாதான் குளுரும்னாங்க. பாலாத்துல தண்ணி எங்க இருந்துச்சு, ஊத்து தோண்டிதான் குடிக்கவே எடுத்தோம், நீச்சலுக்கு கெணறுதான்னாங்க. இது எதையும் இத்தன வருஷத்துல எங்கிட்ட சொன்னதேயில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் தண்ணில எறங்குனதே இல்லையாம்.

அப்ப அந்த கேள்வி பயத்துல கேட்டதில்ல. எனக்கு இப்பதான் புரியுது.

ஜனவரி 17

பிக் லைன், மருந்து ஏத்த அம்மா கையில போட்டிருக்கிற குழாய். அத யாரும் யோசிக்கல, தம்பியும் யோசிக்கல. கையில அது இருக்கிற வரைக்கும் தண்ணில முக்கக் கூடாது. குளிக்கும்போதே பிளாஸ்டிக் சுத்தி டேப் ஒட்டி கைய தூக்கிப் புடிச்சிகினு குளிக்கிறாங்க. கடல் எப்படி? மருந்து முழுசா முடிஞ்சாதான் லைன எடுப்பாங்க, எடுத்த எடம் நல்லா மூடணும், அதுக்கப்புறம்தான் தண்ணி. கடைசி ஊசி தள்ளிப் போனா எல்லாமே தள்ளிப் போவுது. காலண்டர்ல பென்சில்ல எழுதி எழுதி அழிச்சிகினு இருக்கேன்.

ஜனவரி 20

நிழல் பத்தி ஒரு முடிவுக்கு வரணும்.

மணல்ல சாயுற நாற்காலி, குடை ரெண்டுமே சும்மா குடுக்குறாங்க. ஆனா மார்ச் நடுவுல அமெரிக்கால ஸ்கூல் லீவு, ரெண்டு கப்பலும் நெறைஞ்சி வரும், லேட்டா போனா குடை கெடைக்காது. அதோட குடை மட்டும் பத்தாது. அந்த மணலு வெள்ளையா இருக்கறதே சுண்ணாம்பு மணலுங்கறதாலதான், வெயில கீழேர்ந்து திருப்பி மூஞ்சில அடிக்கும். குடைக்குள்ள உக்காந்தாலும் கருக்கும். ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கை வெயில்ல கருகக் கூடாது, வீங்கிடும்னு பிசியோதெரபி அம்மா திரும்பத் திரும்ப சொல்லிருக்காங்க. மருந்து வேற தோல வெயிலுக்கு ஆவாம பண்ணிடும்.

கபானான்னு ஒண்ணு இருக்கு, மூணு பக்கமும் மறைச்ச சின்ன கொட்டா, உள்ள சோபா, ஃபேன். தம்பி பாத்த அன்னைக்கு அறுநூறு டாலர் காட்டுச்சு. வெல தெனம் மாறுது, முன்னாடியே புக் பண்ணிட்டு கொறஞ்சா கேன்சல் பண்ணி திரும்பப் போடலாம், கப்பல் கெளம்ப 48 மணி நேரம் முன்ன வரைக்கும். நான் போடுடான்னேன். அம்மா ஸ்பீக்கர்ல கேட்டுட்டாங்க. "ஒரு நாள் நெழலுக்கு அம்பதாயிரமா, அந்த காசுக்கு ஊரு வீட்டுக்கு ஓடு மாத்திடலாம், இன்னாடி நெனச்சிகினு இருக்கீங்க ரெண்டு பேரும்." போன கட் பண்ணிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் பேசல. நான் ராத்திரி தம்பிக்கு மெசேஜ் போட்டேன், அம்மாகிட்ட சொல்லாம போடு, பாதி நான் தரேன். அவன் போட்டுட்டான். பாதி வேணாம்க்கான்னான்.

ஜனவரி 23

காத்து அடிச்சா கப்பல் அந்தப் பாலத்துல நிக்காதாம். நிக்காமலே போயிடுமாம்.

ஜனவரி 24

நேத்து எழுதுனதே மண்டைல ஓடிகினு இருக்கு. குளிர்காலத்துல வடக்கேர்ந்து குளிர் காத்து அங்க எறங்கும், அலை ஏறும், கேப்டன் முடியாதுன்னுட்டா அன்னைக்கு முழுக்க நடுக்கடல்தான். மார்ச்சுல அது கொறைய ஆரம்பிக்கும், ஆனா நின்னுடாது. புயல் சீசன் ஜூன்லதான். நான் இங்க வேலூர் சத்துவாச்சாரில உக்காந்துகினு அங்க காத்து வேகம் எத்தன நாட்னு (கடல்ல வேகத்த அப்படிதான் அளக்குறாங்க) தெனம் பாக்குறேன், மார்ச் 16க்கு இப்பவே எப்படி தெரியும். தெரியாது. இருந்தாலும் பாக்குறேன்.

ஜனவரி 28

கவுண்ட் ஏறிடுச்சு. 2400. பிப்ரவரி 5 கடைசி ஊசி. ஆஸ்பத்திரி எதுருல டீ குடிச்சோம், அந்த தெருவுல போர்டெல்லாம் வங்காள எழுத்துதான், பக்கத்துல ஒரு வங்காளி அம்மா, தலையில துணி கட்டிகினு, எங்கம்மா மாதிரியேதான். ரெண்டு பேரும் பாஷை தெரியாம சிரிச்சிகிட்டாங்க. அம்மா கையால நீச்சல் அடிக்கிற மாதிரி காட்டுனாங்க. அந்தம்மாவுக்கு இன்னா புரிஞ்சுதோ, தலைய ஆட்டி அம்மா கைய புடிச்சிகினாங்க.

பிப்ரவரி 1

தைப்பூசம். ரத்தினகிரிக்கு நான் ஒண்டி போனேன். வேண்டிகினது காத்துக்கும் லைனுக்கும்.

பிப்ரவரி 5

முடிஞ்சுது. கடைசி பாட்டில் எறங்குறத ரெண்டு பேரும் பாத்துகினே இருந்தோம்.

பிப்ரவரி 9

தம்பி மேல கோவம். சறுக்கு வீடியோவா அனுப்புறான், 135 அடி உசரமாம், அவன் பையன் அதுல ஏறியே ஆவணும்னு அடம் புடிக்கிறானாம். ஏறட்டும், கொழந்த. ஆனா அந்த நேரத்துல அம்மாகூட யார் இருப்பா? தம்பி பொண்டாட்டிக்கு நீச்சல் தெரியாது. கேட்டா "லைஃப்கார்டு இருப்பாங்கக்கா, லைஃப் ஜாக்கெட் சும்மா குடுக்குறாங்க"ன்றான். லைஃப்கார்டுக்கு அம்மாவ தெரியுமா? எங்கம்மா கரையோரம் கால் நனைக்கிற ஆளில்லடா, அது கெணத்துல குதிச்ச ஒடம்பு, தண்ணி மேல பட்டதும் வயசு மறந்துடும். உப்புத் தண்ணில கெணத்த விட நல்லா மெதக்கும், மெதக்குறது சொகமா இருக்கும், போயிகினே இருப்பாங்க. அந்தத் தீவுல சில் ஐலண்டுன்ற பீச்சுல தண்ணி அமைதிதான், மெரினா மாதிரி இழுக்காது, தண்ணி ஏறி எறங்குறதே ஒரு மூணு அடிக்குள்ளதான். அதுதான் எனக்கு பயம், பயமே வராத தண்ணி. அம்மா எறங்குற நேரம் பூரா நீ இடுப்பளவு தண்ணில பக்கத்துல நிக்கணும்னு எழுதி அனுப்புனேன். ப்ளூ டிக் வந்துது. பதில் வரல.

பிப்ரவரி 10

தம்பி போன் பண்ணான். "நான் நிப்பேன்க்கா." அழுதான்னு நெனைக்கிறேன்.

பிப்ரவரி 14

ஊசி போட்டு ஏழுலேர்ந்து பதினாலு நாளுக்குள்ளதான் கவுண்ட் ரொம்ப எறங்கும். அந்த நாளுங்கதான் இது. வீட்டுக்கு யாரையும் விடல. தெர்மாமீட்டர் தலகாணி கீழ.

பிப்ரவரி 15

ராத்திரி 101. ஓடுனோம்.

பிப்ரவரி 17

வார்டு. தூரத்துல மேளம், பாலாத்துப் பக்கம் மயானக் கொள்ளை. அம்மா கண்ணு மூடிகினே "அங்காளம்மா கெளம்பிட்டா"ன்னாங்க. வேற ஒண்ணும் எழுத முடியல.

பிப்ரவரி 18

ஜுரம் 100.

பிப்ரவரி 19

தம்பி டிக்கெட்ட கேன்சல் பண்ணவான்னு கேட்டான். பண்ணாதேன்னேன். ஏன் அப்படி கத்துனேன்னு தெரியல. நர்ஸ் திரும்பிப் பாத்தாங்க.

பிப்ரவரி 21

வீடு. ஜுரம் இல்ல. கவுண்ட் ஏத்துற ஊசி போட்டாங்க, 1600 வந்துருக்கு. ரசம் சோறு கேட்டு சாப்ட்டாங்க. சாப்ட்டுட்டு "அந்த டிராயிங்க காட்டு"ன்னாங்க. மேப்பதான் அப்படி சொல்றாங்க. கபானா எங்க, தண்ணி எங்கன்னு வெரல் வச்சிப் பாத்தாங்க. இந்த கொட்டாவுக்கு காசு எவ்ளோன்னு கேக்கல. தெரிஞ்சிருக்கும்.

பிப்ரவரி 24

துணி. அம்மா நைட்டியோட எறங்குறேன்றாங்க. நைட்டி தண்ணி குடிச்சி கனமாயிடும், காலைச் சுத்திக்கும், ஒத்துக்கவே மாட்டேன்னேன். லாங் பஜார் முழுக்க அலைஞ்சும் அம்மா வயசுக்கு ஒண்ணும் இல்ல. ஆன்லைன்ல முழுக்கை வச்ச நீச்சல் சட்டை, கணுக்கால் வரைக்கும் பேண்ட், வெயில் தடுக்குற துணி. கரு நீலம். இன்னைக்கு வந்துது. போட்டுகினு கண்ணாடி முன்னாடி நின்னாங்க. தலையில இப்பதான் முள்ளு முள்ளா முடி வருது, அதத் தடவிகினு, பக்கவாட்டுல திரும்பி, ஆபரேஷன் பக்கத்த கையால மறைச்சி, அப்புறம் கைய எடுத்துட்டாங்க. "நல்லாதான் கீது"ன்னாங்க. கழட்ட மனசில்லாம மத்தியானம் வரைக்கும் அதோடவே இருந்தாங்க, அதோடவே வெங்காயம் உரிச்சாங்க.

பிப்ரவரி 27

தம்பிக்கு எழுதி அனுப்புனது, எனக்கும் ஒரு காப்பி இருக்கட்டும்னு இங்க போடுறேன். எட்டு மணிக்கு கப்பல் நிக்குது, ஒடனே எறங்கிடுங்க, காலை டிபன ரூமுக்கே வரவச்சி முன்னாடியே முடிச்சிடு. துண்டு கப்பல்லேர்ந்தே எடுத்துகினு போவணும். டிராம்ல சில் ஐலண்டு, சவுத் பீச் போவாத, அது தூரம். பெரிய டயர் வச்ச மணல் வீல்சேர் இருக்கு, மொதல்ல வர்றவங்களுக்குதான், அதனாலயும் சீக்கிரம் போ. எட்டரைலேர்ந்து ஒம்பதேகால் வரைக்கும்தான் தண்ணி, வெயில் ஏறறதுக்குள்ள. தண்ணி 24 டிகிரி கிட்ட இருக்கும், அம்மாவுக்கு சில்லுனு தெரியும், ஒதடு நீலமானா அப்பவே வெளிய. உப்பத் தொடச்சி விட்டு ஒடனே காஞ்ச துணி. மத்தியானம் கிரில்ல பச்சக் காய் சாலட் எதுவும் குடுக்காத, சூடா செஞ்சது மட்டும். பன்னெண்டுக்கு கப்பலுக்கே இட்டுகினு போயி தூங்க வை, கார்டு காட்டி எத்தன வாட்டி வேணாலும் போயிட்டு வரலாம். மூணரைக்கு மேல கேட்டாங்கன்னா திரும்ப ஒருவாட்டி இட்டுகினு போ. கேப்பாங்க.

போட்டோ எடு. ஆனா போட்டோ எடுக்கறதுக்காக கைய விடாத.

மார்ச் 1

எனக்கு விசா இருந்திருந்தா.

மார்ச் 2

மாசி மகத்துக்கு சாமியெல்லாம் கடலுக்குப் போவுதுன்னு அம்மா டிவில பாத்துகினு இருந்தாங்க. கோட்டை ஜலகண்டேஸ்வரர் தண்ணிக்கு நடுவுல இருந்த சாமின்னு நான் சொன்னேன். "அதான் நம்ம ஊரு சாமிக்கு கடலுக்குப் போவ வேண்டிய அவசியமில்ல, எனக்கிருக்கு"ன்னாங்க.

காத்து இன்னைக்கு அங்க 11 நாட்.

மார்ச் 3

நாளைக்கு ரிவ்யூ. ஏழு மணிக்கு ரத்தம், பதினோரு மணிக்கு டாக்டர். கவுண்ட் சரியா இருந்தா நாளைக்கே லைன் எடுத்துடுவாங்க, பறக்கலாம்னு லெட்டரும் அப்பவே கேக்கணும். 9ந் தேதி ஃபிளைட்டு. தம்பி நாளைக்கு ராத்திரி சென்னைல எறங்குறான். பாலத்துக்கு வீல்சேர் சொல்லிட்டானான்னு இன்னும் கேக்கல, அத மொதல்ல